இரும்பிசையில் உருத்திரன்: சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் அமைத்த 'ருத்ரா' குழுவின் தொடக்க வரலாறு

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டவுடனே, "நயினார் வழக்கம்போல உத்தமபாளையம் பாறையில் இருக்கிற சமணச் சிற்பத்தைப் பத்தித்தான் எழுதுவார்" என்று நண்பர்கள் சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். இந்த முறை பொருள் வேறு. நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற, நமக்குத் தலைவலி தருகிற, ஹெவி மெட்டல் என்னும் இசையைப் பற்றியது இக்கட்டுரை. அதிலும் குறிப்பாக, நம்மைப் போலவே தாய்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் 1992இல் சிங்கப்பூரில் அமைத்த ஒரு குழுவைப் பற்றியது. பெயர் ருத்ரா. இது சங்க மலருக்குத் தகுந்த பொருளா என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆள், பயிற்சி, அரங்கு

நம் குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும், இரு மாநில அதிகாரிகளும் காவலுக்கு நிற்க நாம் ஏறிப் போய்க் கும்பிட்டு வருகிறோம். அந்தக் கண்ணகியின் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி உண்டு. மாதவியின் முதல் மேடை நிகழ்ச்சியைச் சொல்வதாகத்தான் எல்லோரும் அதைப் படிப்பார்கள். ஆனால், ஓர் இசைக்குழுவை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விளக்கமும் அதுவே.

இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். முதலில் ஆடல் ஆசிரியன், அடுத்து இசை ஆசிரியன், பாட்டுக் கட்டும் புலவன், தண்ணுமை வாசிப்பவன், குழல் ஊதுபவன், யாழ் மீட்டுபவன். ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தனித்தனியாகத் தகுதி சொல்கிறார். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் மேடை ஏறுகிறாள். அந்த மேடைக்கும் அளவு உண்டு: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆட்டம் முடிந்ததும் அரசன் 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையைத் தருகிறான்.

ஆக, ஒரு குழு உருவாக மூன்று வேண்டும்: ஆள், பயிற்சி, அரங்கு. இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் எந்த நாட்டு இசைக்குழுவின் வரலாற்றையும் நாம் எடை போடலாம். தராசு நம்முடையது, சரக்கு யாருடையதாக இருந்தால் என்ன?

இரும்புப் பட்டறையில் பிறந்த இசை

ஹெவி மெட்டல் பிறந்த ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். அங்கே ஆஸ்டன் என்ற தொழிலாளர் குடியிருப்புப் பகுதி. நான்கு இளைஞர்கள் 1968இல் ஒரு குழு அமைத்தார்கள். பின்னாளில் பிளாக் சாபத் என்று உலகப் புகழ் பெற்றது இக்குழுவே.

அந்த நால்வரில் கிட்டார் வாசித்தவர் டோனி அயோமி, இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. பாஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லரின் குடும்பம் அயர்லாந்திலிருந்து வந்தது. அவர் கணக்கு எழுதும் தொழிலுக்குப் பயிற்சி பெற்றவர். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கார் ஹாரன்களுக்குச் சுருதி சரிபார்க்கும் தொழிற்சாலையில் இருந்தார், கசாப்புக் கூடத்திலும் வேலை செய்தார் (எங்களைப் போன்றவர்களுக்கு அதைச் சொல்லவே கூசும், ஆனாலும் வரலாறு வரலாறுதான்). டிரம்ஸ் வாசித்தவர் பில் வார்ட். தன்னிடம் சொந்தமாக ஒலிபெருக்கி இருக்கிறது, பாட வாய்ப்பு வேண்டும் என்று ஆஸ்போர்ன் ஒரு இசைக் கடையில் சீட்டு எழுதி ஒட்டினார். அதைப் பார்த்துத்தான் ஆள் சேர்ந்தது. இப்படித்தான் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உள்ளூர்த் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒரு குழுவானார்கள்.

இதில் அயோமியின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1965இல், அவருக்கு வயது 17. தகடு வெட்டும் தொழிற்சாலையில் அவருடைய கடைசி வேலை நாள் அது. இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். இனி கிட்டார் இல்லை என்று உட்கார்ந்திருந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீயில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கலைஞரின் தட்டு அது. அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்தார். அதன் மேல் தோல் ஒட்டினார். தடித்த தந்தியை அழுத்த முடியாததால் மெல்லிய தந்தி போட்டார். பிற்பாடு, 1971இல் வந்த மூன்றாவது தொகுப்பில், தந்தியைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். மெட்டல் இசைக்கு உரிய அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலி வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ஊனத்தை மறைக்காமல் அதையே தன் பாணியாக்கிய கதை இது.

பயிற்சி? 1969இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதியில் ஒரே நாளில் பல முறை மேடை ஏறி வாசித்துத் தேறினார்கள். பெயர்? பயிற்சி இடத்துக்கு எதிரே இருந்த திரையரங்கில் ஒரு பேய்ப்படம் ஓடியது. பயப்படுவதற்குக்கூட ஜனங்கள் காசு கொடுக்கிறார்களே என்று வியந்து, அந்தப் படத்தின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். முதல் தொகுப்பைச் சுமார் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த இரண்டாம் தொகுப்பு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2025 ஜூலை 5ஆம் தேதி அதே ஆஸ்டனில் நால்வரும் சேர்ந்து விடைபெறும் நிகழ்ச்சியை நடத்தினார்கள். அதே மாதம் 22ஆம் தேதி ஆஸ்போர்ன் காலமானார்.

பேயின் சுரமும் நம் கல்யாணியும்

இந்த இசையைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிளாக் சாபத்தின் முதல் பாட்டில் வரும் அச்சமூட்டும் ஒலி, ஆதார ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்திமத்துக்குப் போகும் இடைவெளியைக் கொண்டு அமைந்தது. ஐரோப்பாவில் இந்த இடைவெளிக்குப் 'பேயின் சுரம்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. நமக்கோ பிரதி மத்திமம் இல்லாவிட்டால் கல்யாணி கிடையாது, பந்துவராளி கிடையாது. அவர்கள் பேய் என்று ஒதுக்கியதை நாம் கல்யாணப் பந்தலில் நாதஸ்வரத்தில் கேட்கிறோம்!

இன்னொன்று. மெட்டல் கிட்டாரின் அடிப்படை, இரண்டு சுரங்களை ஒன்றாக மீட்டுவது: ச, ப. நம் தம்புராவும் பெரும்பாலும் அதே ச, ப தானே? மின்சாரத்தில் அதைச் சேர்த்து, ஒலியைக் கரகரக்க வைத்தால் அது மெட்டல். அதோடு, இந்த இசையில் அடிக்கடி வருகிற ஒரு சுர வரிசை நம் தோடியின் மேளத்துக்கு நேர். கமகம் இல்லாத தோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இந்த வீடு நமக்கு முழுக்க அந்நியம் என்று சொல்வதற்கில்லை. வாசல்தான் வேறு பக்கம்.

கொச்சியில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். மிளகுக்கும் ஏலக்காய்க்கும் நாம் விலை பார்க்கிற அதே துறைமுக நகரில் 1977இல் தொடங்கியது 13 ஏ.டி. என்ற ராக் குழு. விடுதிகளில் மேல்நாட்டுப் பாடல்களை வாசித்துப் பேர் வாங்கி, 1990இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற சொந்தத் தொகுப்பை வெளியிட்டது. அதே கொச்சியில் 1996இல் மதர்ஜேன் குழு அமைந்தது. அதன் கிட்டார் கலைஞர் பைஜு தர்மஜன் கர்நாடக இசையின் கமகத்தைக் கிட்டார் தந்தியில் கொண்டுவந்தார். 2008இல் வந்த அவர்களுடைய 'மக்தூப்' தொகுப்பைக் கேட்டுப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். இவர்கள் எல்லாம் சொந்த மண்ணில் நின்று வாசித்தவர்கள். வெளியே குடியேறிய தமிழர் வீட்டுப் பிள்ளைகள் இதே இசையை எடுத்தபோது என்ன நடந்தது என்பதற்குத்தான் சிங்கப்பூருக்குப் போக வேண்டியிருக்கிறது.

1992: சிங்கப்பூர்

சிங்கப்பூர்த் தமிழரின் நிலை ஒரு வகையில் நம்மைவிட மேல். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது. ஆனாலும் 1990ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்திய வம்சாவளியினர் எல்லோரும் சேர்ந்தே மக்கள்தொகையில் சுமார் 7 சதவீதம்தான். பள்ளியில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்; தமிழ் ஒரு பாடம் மட்டும். வீட்டுப் பேச்சிலும் ஆங்கிலம் புகுந்துவிட்டது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்வதை நினைத்துக்கொண்டால் அந்தச் சூழ்நிலை புரியும்.

ஒலியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலம் பெரிய அளவில் நடக்கும். ஆனால் 1973 முதல் அந்த ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிக்கத் தடை இருந்தது. காவடி ஆடுகிறவனுக்கு உறுமியும் மேளமும் இல்லை. 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆக, 1990களில் வாலிபப் பருவத்தில் இருந்த ஒரு சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன், தன் தெய்வத்துக்கு முன்னால் தெருவில் பறை முழங்கக் கேட்காமலே வளர்ந்தவன்.

மதம் பற்றிய பேச்சிலும் அங்கே எச்சரிக்கை அதிகம். பல இனம், பல சமயம் உள்ள சிறிய நாடு. சமய நல்லிணக்கப் பாதுகாப்புச் சட்டம் 1990இல் நிறைவேறி 1992இல் நடைமுறைக்கு வந்தது. அதே 1992இல்தான் கதிர் என்று குழுவில் அறியப்படும் பாஸ் கிட்டார் கலைஞரும், சிவா என்ற டிரம்ஸ் கலைஞரும் மற்ற நண்பர்களோடு சேர்ந்து ஒரு டெத் மெட்டல் குழுவை அமைத்து, அதற்கு வேதத்தில் புயலுக்கும் அழிவுக்கும் உரிய தெய்வத்தின் பெயரை வைத்தார்கள். தொடக்கத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் கொஞ்சம் வேறாக இருந்தது. பின்னர்தான் இன்று வழங்கும் வடிவத்துக்கு வந்தது.

அதே ஆண்டின் இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1992 ஜூன் 6 அன்று நார்வே நாட்டில் ஃபான்டாஃப்ட் என்ற இடத்திலிருந்த பழைய மர தேவாலயம் எரிக்கப்பட்டது. அங்கே பிளாக் மெட்டல் கூட்டத்தைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் இப்படித் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். மெட்டல் என்றாலே சாத்தானும் சமய வெறுப்பும் என்று உலகம் பேசத் தொடங்கிய காலம். ஒரே இசை, ஒரே ஆண்டு. அங்கே முன்னோர் கட்டியதை எரித்தார்கள்; இங்கே முன்னோர் சொன்னதைத் தேடிப் போனார்கள். இதை நான் அவர்களுக்கு நற்சான்றிதழாகச் சொல்லவில்லை. கருவிக்குக் குணம் கிடையாது, எடுக்கிற கைக்குத்தான் குணம் என்பதற்குச் சொல்கிறேன்.

ஒலிநாடாவிலிருந்து இசைத்தட்டுக்கு

இணையம் வீட்டுக்கு வராத காலம் அது. இந்த மாதிரி இசைக்கு வானொலியில் இடமில்லை, பெரிய கம்பெனிகளும் சீண்ட மாட்டார்கள். அதனால் உலகம் முழுக்க இந்த இளைஞர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நான்கைந்து பாட்டைக் குறைந்த செலவில் ஒலிநாடாவில் பதிந்து, தபாலில் மாற்றிக்கொள்வார்கள். பிரேசில்காரன் நாடா போலந்துக்குப் போகும், போலந்துக்காரன் நாடா சிங்கப்பூருக்கு வரும். முகம் பார்க்காத ஆளை நம்பிச் சரக்கு அனுப்புவது. நம்ம பழைய ஏலக்காய் வியாபாரத்தில் துண்டுச் சீட்டில் லட்ச ரூபாய்ச் சரக்கு நகர்ந்ததே, அதே நாணயம்!

சிங்கப்பூரில் அப்போது மலாய் இளைஞர்களிடையே ராக், மெட்டல் மோகம் வலுவாக இருந்தது. 1990இல் அமைந்த இம்பயட்டி போன்ற கடுமையான மெட்டல் குழுக்களும் உள்ளூரில் இருந்தன. 1985இல் தொடங்கிய 'பிக் ஓ' என்ற பத்திரிகை உள்ளூர் இசைக்கு இடம் கொடுத்தது. இந்தச் சூழலில் ருத்ரா தன் முதல் மாதிரி நாடாவை 1994இல் வெளியிட்டது. அதன் பெயர் 'தி பாஸ்ட்'. கடந்த காலம் என்று பொருள். வாலிபப் பிள்ளைகள் முதல் படைப்புக்கு வைக்கிற பெயரா இது என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு தேக்கம் வந்தது. 1990களின் நடுவில் குழு ஒருமுறை கலைந்து மீண்டும் கூடியது. சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகளுக்கு 1967 முதல் கட்டாய ராணுவ சேவை உண்டு. அந்தக் காலத்தில் இரண்டு, இரண்டரை ஆண்டு. அது முடிந்தால் மேற்படிப்பு, வேலை, வீடு, கல்யாணம். எந்த இளைஞர் குழுவும் அங்கே இந்தச் சல்லடையில் சலித்துத்தான் மிஞ்ச வேண்டும். கிட்டார் கலைஞர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். கதிரும் சிவாவும் மாறவில்லை. பாடும் பொறுப்பும் கதிரிடமே நிலைத்தது.

முதல் முழுத் தொகுப்பு குழுவின் பெயரிலேயே 1998இல் வந்தது. குழு தொடங்கி ஆறு ஆண்டு. மாதவிக்கு ஏழு ஆண்டு பிடித்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். தொடர்ந்து 2001இல் 'தி ஆர்யன் குருசேட்', 2003இல் 'குருக்ஷேத்ரா'. குருக்ஷேத்திரம் என்றாலே பாரதப் போர், கீதை. தங்கள் இசைக்கு 'வேத மெட்டல்' என்று அவர்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள். பிறர் வகுத்த அறைக்குள் போய் உட்காராமல் தனக்கென்று ஒரு திண்ணை கட்டிக்கொண்ட மாதிரி.

பாட்டு எப்படி இருக்கும்? உறுமலும் இடியும்தான். டிரம்ஸில் இரண்டு காலும் மாறி மாறி உதைக்க, அடிவயிற்றிலிருந்து கர்ஜிக்கிற குரலில் வார்த்தை எளிதில் பிடிபடாது. இடையிடையே சமஸ்கிருத மந்திரம் வரும், நம் நாட்டுக் கருவிகளின் ஒலி வரும். எழுத்தில் பாடலை எடுத்துப் படித்தால்தான், இவர்கள் பேசுவது ஆத்மா, மாயை, மரணம், அறியாமை என்று தெரியும். கேட்டா இரைச்சல், படிச்சா உபநிடதம்.

'ஆரிய' என்ற சொல்

இரண்டாம் தொகுப்பின் பெயரைப் படித்ததும் தமிழர்களுக்கு முகம் சுளிக்கும். நியாயந்தான். ஆரியர், திராவிடர் என்ற பேச்சில் ஒரு நூற்றாண்டு அரசியல் நடத்தியவர்கள் நாம். ஐரோப்பாவிலோ அந்தச் சொல் கோடிக்கணக்கானோர் ரத்தத்தில் நனைந்தது. தமிழ்ப் பிள்ளைகள் அதை ஏன் எடுத்தார்கள்?

சொல்லின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 'ஆர்ய' என்பதற்குச் சமஸ்கிருதத்தில் மேன்மையுடையோர் என்ற பொருள் பழமையானது. அதை ஓர் இனப் பெயராக ஊதிப் பெருக்கியது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. புத்தர் தம் நான்கு உண்மைகளை ஆரிய உண்மைகள் என்றார். அதில் இனம் எங்கே இருக்கிறது? சமணத்தில் பெண் துறவியரை இன்றும் 'ஆர்யிகா' என்றே அழைக்கிறோம். அவர்களில் தமிழ்நாட்டில் பிறந்தவர்களும் உண்டு. பண்பைக் குறிக்கும் இந்தப் பழைய பொருளில்தான் அச்சொல்லை வேத மெட்டல் பேசும் ஒரு குழு எடுப்பது பொருந்தும். இருந்தாலும், சந்தையில் ஒரு சரக்குக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால் மூட்டையைப் பிரித்துக் காட்டினாலும் வாங்குபவன் தயங்குவான். அந்தத் தலைப்பு வைத்ததில் துணிவும் உண்டு, அபாயமும் உண்டு என்பது என் கருத்து.

மூன்று தொகுப்பு, ஒரு நூல்

2005இல் ருத்ரா 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் ஒரு முத்தொகுப்பைத் தொடங்கியது. இரண்டாம் பகுதி 2009இல், மூன்றாம் பகுதி 2011இல். உபநிடதக் கருத்தும் அத்வைத ஆசாரியர்களின் போதனையும் அதன் பொருள். ஆறு ஆண்டு, மூன்று தட்டு, ஒரே விசாரணை. இரண்டாம் பகுதியில் ஆதிசங்கரருக்கு வணக்கம் உண்டு, அஷ்டாவக்கிரரைப் பற்றிய பாட்டு உண்டு. கதிர் வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர், போதிப்பவரும்கூட. அதனால் இது மேடைக்காக எடுத்த வேஷமாகத் தெரியவில்லை. பிறகு 2013, 2016, 2022 என்று தொகுப்புகள் தொடர்ந்தன. முப்பது ஆண்டு தாண்டிய குழு.

அத்வைதம் எனக்குச் சித்தாந்தம் அல்ல. உயிர்கள் பல, உண்மைக்குப் பல பக்கம் என்பது நாங்கள் கற்றது. ஆனால் ஒரு தத்துவத்தை இருபது, முப்பது ஆண்டு விடாமல் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பவனிடம் மரியாதை காட்டுவதற்கு அவன் முடிவோடு உடன்பட வேண்டியதில்லை. குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பொறிக்கச் செய்த அரசன் தன்னை ருத்ராசாரியாரின் மாணவன் என்று சொல்லிக்கொள்கிறான். பெயர் ஒற்றுமை தற்செயல்தான். இருந்தாலும் ருத்ரனின் பெயரோடு இசை இலக்கணம் கல்லில் ஏறி ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆனது என்பதை அந்தப் பிள்ளைகளிடம் யாராவது சொன்னால் மகிழ்வார்கள்.

கல்வித் துறையும் இவர்களைக் கவனித்தது. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் டேரியநாதன், வேத மெட்டலையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் பற்றி 2009இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கோயில் இசை, சபா இசை, சினிமா இசை என்று மூன்றே பெட்டியில் சிங்கப்பூர்த் தமிழர் இசையை அடுக்கிவைத்திருந்தவர்களுக்கு நாலாவது பெட்டி தேவைப்பட்டது.

கணக்குப் பார்த்தால்

இப்போது நம் தராசுக்கு வருவோம். ஆள்: குடியேறிய வீட்டுப் பிள்ளைகள், பர்மிங்காமிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி. பயிற்சி: ஆறு ஆண்டு கழித்தே முதல் தொகுப்பு. அரங்கு: யாரும் கட்டித் தரவில்லை, தபால் உறையும் ஒலிநாடாவும்தான் அரங்கு. 1008 கழஞ்சு தர அரசனும் இல்லை. இருந்தும் நிலைத்தார்கள். காரணம், கருவியைக் கடன் வாங்கினாலும் பொருளைக் கடன் வாங்கவில்லை. ஆங்கிலேயனின் பேய்க் கதையைத் திரும்பப் பாடியிருந்தால் ஆயிரத்தில் ஒன்றாகப் போயிருக்கும்.

ஆனால் வரவு எழுதினால் பற்றும் எழுத வேண்டும். ருத்ராவின் பாடல்களில் மிகப் பெரும்பாலும் ஆங்கிலம், இடையில் சமஸ்கிருதம். தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் மூதாதையரைத் தேடிப் புறப்பட்டபோது தமிழ் வாசல் வழியாகப் போகவில்லை. அதை அவர்கள் தலையில் குற்றமாகச் சுமத்த நான் தயாரில்லை. உலகம் முழுக்கக் கேட்கிற கூட்டத்துக்கு ஆங்கிலம் வேண்டும். வேதம் என்றால் சமஸ்கிருதம் வேண்டும். நான் கேட்பது நம்மைப் பார்த்து: தமிழை நாம் பிள்ளைகளுக்கு என்னவாகக் கொடுத்தோம்? பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்கிற பத்து வரியாகவும், பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற ஆட்டமாகவும் கொடுத்தோம். கோபம் உள்ள தமிழ், கேள்வி கேட்கிற தமிழ், சாவைப் பற்றி நேருக்கு நேர் பேசுகிற தமிழ் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தோமா? பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்தத் தமிழ்தான். அது கிடைக்காதபோது அவன் கிடைக்கிற இடத்தில் தேடுவான்.

எனக்குத் தெரிந்த வரையில் நம் சங்க வீடுகளிலேயே கிட்டார் கற்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களைச் சத்தம் போடாதே என்று மாடிக்கு அனுப்புகிறோம். என் யோசனை இரண்டு. ஒன்று, ஆண்டு விழாவில் அவர்களுக்கு அரை மணி நேரம் மேடை கொடுங்கள்; காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டாவது முன் வரிசையில் உட்காருவோம். இரண்டு, அவர்கள் கையில் சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையையும் அழற்படு காதையையும் நல்ல உரையோடு கொடுங்கள். நீதி தவறிய நகரத்தை ஒரு பெண் தனியாக நின்று எரிக்கிற கதை. அவளுக்கு உறுமலும் இடியும் பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்? சிங்கப்பூர்ப் பிள்ளைகள் குருக்ஷேத்திரம் வரை போய்ப் பொருள் எடுத்து வந்தார்கள். குமுளிப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கடைத்தெருவில் நின்று தலையை நிமிர்த்தினால் மங்கலதேவி மலைதான்.